கங்காணி வேண்டாம் என்கிற பாட்டு பங்க் இல்லையா?

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு ஃபோன் திருத்தும் கடையின் மேல்மாடியில் ஞாயிறு அந்தியில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். எல்லோரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து டவுனில் பிழைப்பவர்கள். ஒருவர் ஆசிரியர். ஒருவன் பண்டாரவளையிலிருந்து வருகிறவன், கல்யாண வீட்டு பேண்டில் கிட்டார் வாசிக்கிறான். இன்னொருவர் தப்பு என்கிற தோல்பறை அடிக்கிற அண்ணன். அவர் தோட்டத்துக் காமன் கூத்துக்கு அவர் வராமல் தப்பு ஏறாது. வெளியே மழை, உள்ளே ப்ளேன்டீ, மேசையில் ஒரு பழைய ஸ்பீக்கர். சில மாதங்களாக அங்கே நடக்கிற சண்டை ஒன்றுதான். தி கிளாஷ் என்கிற லண்டன் பேண்டின் அதிகம் பேர் கேட்காத பாட்டுகளைப் பங்க், அதாவது எழுபதுகளின் முரட்டு ரொக் இசை, என்று சொல்லலாமா, கூடாதா?

கிட்டார் தம்பி முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "இது பங்கே இல்லண்ணே. பங்க்னா மூணு கிட்டார் கோர்ட், ரெண்டு நிமிஷம், வேகம். இது ரெகே மாதிரி இழுக்குது, இன்னொன்னு வால்ட்ஸ் மாதிரி ஆடுது." அவன் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த அளவுகோலே தவறு என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. தி கிளாஷ் 1976இல் லண்டனில் தொடங்கிய குழு. பாடியவர் ஜோ ஸ்ட்ரமர். கிட்டாரும் பாட்டும் மிக் ஜோன்ஸ். பேஸ் கிட்டார் போல் சிமோனன். முதல் இசைத்தட்டு முடிந்த பிறகு டிரம்ஸுக்கு டொப்பர் ஹெடன் வந்து சேர்ந்தார். அப்போது பிரிட்டனில் வேலையில்லாத இளைஞர் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. ரொக் இசையோ பெரிய அரங்குகளுக்கும் இருபது நிமிட கிட்டார் வித்தைகளுக்கும் போய்விட்டிருந்தது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்ல ஒன்று இருந்தால் மேடையேறு என்றது பங்க். அதனால்தான் அதன் பாட்டுகள் குட்டையாகவும் முரட்டுத்தனமாகவும் இருந்தன. அந்த முரட்டுத்தனத்தையே இலக்கணமாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

1977 ஏப்ரலில் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டையே எடுங்கள். பங்க் என்றால் என்ன என்று கேட்டால் உலகம் முழுக்கச் சுட்டிக்காட்டும் தட்டுகளில் அது ஒன்று. அதிலேயே மிக நீளமான பாட்டு ஒரு ஜமெய்க்கா ரெகே. ஜூனியர் மர்வின் 1976இல் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாட்டை எடுத்து, ஆறு நிமிடத்துக்குத் தங்கள் பாணியில் வாசித்திருக்கிறார்கள். இது எங்கிருந்தோ வந்து ஒட்டியதல்ல. லண்டனில் பங்க் கூட்டம் கூடிய ரொக்ஸி கிளப்பில் தட்டுச் சுழற்றிய டொன் லெட்ஸ் ஜமெய்க்கா வம்சாவளிப் பிள்ளை. பங்க் தட்டுகள் அப்போது கைவிரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான் இருந்தன. இடைவெளியை அவர் ரெகேயால் நிரப்பினார். 1976 ஓகஸ்டில் நொட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் பொலிஸுக்கும் கலவரம் மூண்டபோது ஸ்ட்ரமரும் சிமோனனும் அங்கே இருந்தார்கள். பங்க் பிறந்த வருஷமே அதன் காதில் ரெகே இருந்தது. ஆகவே "பிறகுதான் கெட்டுப்போனார்கள்" என்கிற கதை நிற்காது.

இந்த இடத்தில் தப்படிக்கிற அண்ணன் சொன்ன ஒரு சொல்தான் எனக்கு வழிகாட்டியது. "தோலு ஒண்ணுதான் தம்பி. அடிதான் வேற." ஒரே தப்பு. நெருப்பில் காட்டிச் சூடேற்றினால் சாவுக்கும் அதுதான், சாமிக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். ஒரு காலத்தில் விடியுமுன்னே லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) அழைத்ததும் அதே தப்புதான். தூரத்திலிருந்து கேட்கிறவருக்கு எந்த அடி எதற்கென்று உடனே தெரியும். எங்கே, எதற்காக, யாருக்காக அடிக்கிறார்கள் என்பதில்தான் வகை இருக்கிறது, வேகத்தில் அல்ல. தப்புக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகப் படிக்க வேண்டிய பாடமில்லை. அப்படியிருக்க ஒரு லண்டன் பேண்டைக் கேட்கும்போது மட்டும் ஏன் நிமிடக் கணக்குப் பார்க்கிறோம்?

இனி 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. எங்களில் பாதிப் பேர் தி கிளாஷுக்கு வந்ததே இந்தப் பாட்டின் வாலைப் பிடித்துத்தான், அதுவும் தெரியாமலே. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, 1986இல் மீண்டும் லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ. 2007இல் 'கலா' இசைத்தட்டில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடினார். அடுத்த வருஷம் அது அமெரிக்க பில்போர்ட் வரிசையில் நாலாம் இடம் வரை ஏறியது. பஸ்ஸில், த்ரீவீலில், ஃபோன் ரிங்டோனில் எல்லாம் கேட்டோம். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் மிதந்து வரும் கிட்டார், 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. பாட்டாசிரியர் பட்டியலில் தி கிளாஷ் நால்வரின் பெயரும் இருக்கிறது. விசாவையும் எல்லையையும் வைத்து ஒரு தமிழ்ப் பெண் செய்த பாட்டுக்குள், கால் நூற்றாண்டுக்கு முன்னே எல்லையைப் பாடிய பாட்டு புதைந்து கிடக்கிறது.

மூலப் பாட்டு 1982 மே மாதம் வந்த 'கொம்பட் ரொக்' இசைத்தட்டில் உள்ளது. அதே தட்டில்தான் அவர்களுடைய மிகப் பிரபலமான இரண்டு பாட்டுகளும் இருக்கின்றன, 'ரொக் த கஸ்பா'வும் 'ஷுட் ஐ ஸ்டே ஓர் ஷுட் ஐ கோ'வும். அந்த இரண்டின் வெளிச்சத்தில் இது மறைந்துபோனது. 1981 முடிவில் நியூயோர்க்கில் பதிவு செய்தார்கள். கிட்டாருக்கு எந்த ரொக் தாளமும் ஒட்டவில்லை என்று டொப்பர் ஹெடன் பிரேசில் நாட்டு பொசா நோவா தாளத்தை மெதுவாக உருட்டினார். கூடவே ஒரு லெமனேட் போத்தலைத் துவாயில் சுற்றி ஸ்ட்ரமரின் கையில் கொடுத்து, பெரிய டிரம்மின் முன்தோலில் அடிக்கச் சொன்னார். பாட்டின் அடியில் வயிற்றைத் தொடுவதுபோல ஒரு 'தும்' கேட்குமே, அது அந்தப் போத்தல். இதைச் சொன்னதும் தப்பண்ணன் மறுபடி போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். "மேல் கணக்குல (தோட்டத்தின் மேல் பிரிவுல) சாவு விழுந்தா நம்ம லயத்துக்கு இப்படித்தான் கேக்கும்" என்றார். ஹெடனுக்கு அந்த நினைப்பு இருந்திருக்க வழியில்லை. ஆனால் கேட்டதைக் கேட்டார், நானும் அதற்குப் பிறகு அப்படித்தான் கேட்கிறேன்.

பாட்டின் சொற்களில் நான்கு காட்சிகள். முதலாவது வட இங்கிலாந்து: உருக்காலைகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, வந்து சேர்ந்தவனுக்கு இங்கே புகலிடமில்லை என்று சொல்கிறார்கள். இரண்டாவது வியட்நாம்: அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்த பிள்ளை, அம்மாவும் அப்பாவும் சேர்ந்திருக்கும் படத்தைக் காட்டி என்னையும் கூட்டிப் போ என்று கேட்கிறது, அப்பன் மறுக்கிறான். மூன்றாவது நியூயோர்க்கின் போதைத் தெருக்கள். கடைசியில் இது எந்த எல்லையாகவும் இருக்கலாம், எந்தக் கோளார்த்தமாகவும் இருக்கலாம் என்று பாட்டு தன்னையே அவிழ்த்து விடுகிறது.

முதல் காட்சியில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அங்கே விரட்டப்படுகிறவன் யார்? ஆலை மூடியதால் வேலையிழந்த ஆங்கிலேயத் தொழிலாளியா, அல்லது ஆலையில் வேலைக்கென்று வந்து, ஆலை போனபின் வேண்டாதவனாகிவிட்ட குடியேறியா? ஆசிரியர் முன்னதைச் சொல்கிறார். நான் பின்னதை. பாட்டு வேண்டுமென்றே இரண்டையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறது என்றுதான் இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் ஆலை இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் தின்று துப்பியது. ஆனால் விரட்டுகிற குரல் ராஜாவின் ஆங்கிலத்தை, அதாவது சுத்தமான ஆங்கிலத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் தராசுத்தட்டு பின்னதன் பக்கம் சாய்கிறது. மொழி தெரியாது என்று சொந்த ஊர்க்காரனை யாரும் விரட்டுவதில்லை.

மலையகத்தில் இந்தப் பாட்டுக்கு அகராதி தேவைப்படாததன் காரணம் நமக்குத் தெரியும். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த நம் ஆட்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரை ஏட்டில் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். தலைமன்னார் கப்பல் துறைக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்தது. அக்காவுக்கு இந்திய பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பதிவு என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்படிப் பிரிந்த வீடு ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுச் சுவரில் கோத்தகிரிக்குப் போன பெரியம்மாவின் பாஸ்போர்ட் படத்தைப் பெருப்பித்து மாட்டியிருந்தார்கள். அதைத் தவிர அவருடைய வேறு படம் வீட்டில் இல்லை. வியட்நாம் பிள்ளை கையில் படத்தோடு நிற்கிற வரி வரும்போது நான் சபையில் பேசுவதில்லை. தாய்மாரோடு சேர்த்து அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டத்தை அமெரிக்கா 1987இல்தான் போட்டது, பாட்டு வந்து ஐந்து வருஷம் கழித்து. நம்மில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது.

இவ்வளவு மெதுவான, இவ்வளவு துக்கமான பாட்டு பங்க்தானா என்றால், ஆம் என்பேன். மற்ற பாட்டுகள் தெருவில் நின்று கத்தியதையே இது எல்லைச் சாவடியில் நின்று சொல்கிறது. நம் பழைய பாட்டுகளிலும் ஊரையும் பெற்றவளையும் விட்டுவந்த துயரம் தாலாட்டு மெட்டிலும் ஒப்பாரி மெட்டிலும்தான் வந்தது. கொழுந்து கிள்ளும்போது பாடிய தெம்மாங்கில் துரையையும் கணக்கப்பிள்ளையையும் வைத கோபமும் அதே மெட்டில்தான் ஏறியது. அழுகை மெட்டு என்பதால் அது எதிர்ப்பு இல்லை என்று நம்மில் யாரும் சொன்னதில்லை.

1980 டிசம்பரில் வந்த 'சான்டினிஸ்டா' இன்னும் பெரிய சண்டைக்களம். மூன்று தட்டு, ஆறு பக்கம், பக்கத்துக்கு ஆறு என்று முப்பத்தாறு பாட்டு. அதற்கு முந்திய வருஷம் நிகரகுவாவில் சொமோசா ஆட்சியைக் கவிழ்த்த இயக்கத்தின் பெயர்தான் தலைப்பு. மூன்று தட்டையும் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் உரிமைத்தொகையிலேயே விட்டுக்கொடுத்தார்கள். ரெகே, டப் என்கிற எதிரொலி ரெகே, கலிப்ஸோ, கொஸ்பல், வால்ட்ஸ், அப்போதுதான் நியூயோர்க் தெருக்களில் பரவிய ரெப் எல்லாம் அதில் உண்டு. ஒரு பாட்டை அப்படியே பின்னோக்கி ஓட்டி இன்னொரு பாட்டாக வைத்திருக்கிறார்கள். எல்லாமே தேறும் என்று சொல்லமாட்டேன். ஆறாவது பக்கத்தின் டப் வடிவங்களை நான் இரண்டு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

ஆனால் அந்த ஆறாவது பக்கத்தில் ஒரு முத்து. 1977இல் வெளியிட்ட 'கரியர் ஒப்பர்ச்சுனிட்டிஸ்' பாட்டை அங்கே சின்னப் பிள்ளைகள் பாடுகிறார்கள். கீபோட் வாசித்த மிக்கி கலகரின் இரண்டு மகன்கள். மூலப் பாட்டு, கிடைக்கிற வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாம் என்று தள்ளுகிற பாட்டு. தள்ளப்படுகிற வேலைகளில் ஒன்று பிபிசியில் தேத்தண்ணி போடுவது. ஸ்பீக்கரில் அந்த வரி முதல் தடவை வந்தபோது மேல்மாடியில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கோப்பைக்குள் போகிற தூளின் மறுமுனை நம்முடையது. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைக்குக் கொழும்பில் கடை வேலை, வீட்டு வேலை, கார்மெண்ட்ஸ் என்று ஒரு சின்னப் பட்டியலை நீட்டுகிற நம் ஊரில், அந்தப் பாட்டைப் பிள்ளைக் குரலில் கேட்பது வேறு மாதிரித்தான் இருக்கிறது. குரல் மாறியதும் எகத்தாளம் போய் பயம் வந்துவிடுகிறது.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'சம்திங் அபௌட் இங்கிலண்ட்'. பழைய நாடகக் கொட்டகை இசைபோலத் தொடங்கும். வந்தேறிகள்தான் திருடுகிறார்கள், இவர்கள் போய்விட்டால் நாடு பூத்துக் குலுங்கும் என்று ஊர் பேசுவதை மிக் ஜோன்ஸ் பாடுகிறார். தெருவோரத்துக் கிழவன் ஒருவனாக ஸ்ட்ரமர் வந்து, யுத்தமும் பஞ்சமும் வேலை நிறுத்தமுமாக அந்த நூற்றாண்டின் கதையைச் சொல்கிறார். கள்ளத்தோணி என்கிற வசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

இங்கே ஆசிரியர் ஒரு நியாயமான கேள்வியைப் போட்டார். ஸ்ட்ரமருக்கு இதையெல்லாம் பாட என்ன உரிமை? அவருடைய இயற்பெயர் ஜோன் மெலர். பிறந்தது 1952இல் துருக்கியின் அங்காராவில். அப்பா லக்னோவில் பிறந்து பிரிட்டிஷ் வெளிநாட்டுச் சேவையில் வேலை பார்த்தவர். பிள்ளை விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தது. பங்க் காலத்திலேயே இதை வைத்து அவரைக் குத்தியவர்கள் உண்டு. நான் இதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன், பாட்டுக்குள் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டில் விரட்டுகிறவனின் குரலை ஸ்ட்ரமர் தன் வாயில் எடுத்துக்கொள்கிறார். விரட்டப்பட்டவனின் வேஷத்தைக் கட்டவில்லை. தன் நாடும் தன் அப்பாவின் அலுவலகமும் பேசிய பாஷை அது. அந்தக் குரலில் பாட அவருக்குத்தான் உரிமை இருந்தது. லயத்தை விட்டு வந்து டவுனில் மின்விளக்கின் கீழே உட்கார்ந்து லயத்தைப் பற்றிப் பேசுகிற எங்களுக்கும் அந்தக் கேள்வி உண்டு என்று ஆசிரியர் சொன்னார். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, எங்கள் மேல்மாடியில் இன்றைக்கும் முடியாத விஷயம். 'சான்டினிஸ்டா'வின் நாலாவது பக்கத்து மூன்றாவது பாட்டு, 'தி ஈக்வலைசர்'. தி கிளாஷ் ரசிகர்களிலேயே பலர் தாண்டிப் போகிற பாட்டு. அந்தப் பக்கத்தைத் தொடங்குவது எடி கிராண்ட் எழுதிய, ஓட்டமெடுக்கிற 'போலீஸ் ஒன் மை பேக்'. இதற்கு அடுத்தது 'தி கோல் அப்'. இடையில் இது எதிரொலியும் பேஸுமாக, ஈரச் சாக்கைச் சுமப்பதுபோல நடக்கிற ஒரு டப் ரெகே. மெட்டென்று பிடிக்க ஒன்றுமில்லை. கிட்டார் தம்பிக்கு இதைக் கேட்டாலே எரிச்சல்.

சொல்லைக் கவனித்தால்தான் பாட்டு திறக்கும். வேலைக் கூட்டத்தை மேய்க்கிற கேங் பாஸை நோக்கி, வேண்டாம், சவுக்கு எங்களுக்கு வேண்டாம் என்று கூவுகிறார்கள். இந்த உலகத்தைத் தோள் கொடுத்துக் கட்டியவன் நீ, ஆனால் பறித்தவர்கள் இது உன்னுடையதல்ல என்கிறார்கள் என்று பாடுகிறார்கள். பாதிக்குப் பாதி சரியாகும் வரைக்கும் கருவியைக் கீழே போடு என்கிறார்கள். இதைத் தமிழில் ஆக்கிப் பார்க்கலாம் என்று நான்தான் தொடங்கினேன். கேங் பாஸ் என்ற சொல்லுக்கு நான் எழுதியது 'கங்காணி'.

ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. கங்காணி வெறும் மேற்பார்வைக்காரன் இல்லை என்கிறார். ஊரிலிருந்து ஆளைக் கட்டிக் கூட்டிவந்தவன், பெரும்பாலும் சொந்த பந்தம், கடன் கொடுத்தவன். வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் தலைக்காசு வாங்கியவன். ஆளின் கடனைத் 'துண்டு' எழுதி, அந்தத் துண்டோடு ஆளையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றியவன். அந்தத் துண்டு முறையை ஒழிக்கவே 1921 ஆனது. லண்டன் கட்டிட வேலைத்தளத்தின் கேங் பாஸுக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இந்த உறவுப் பின்னல் கிடையாது, ஆகவே சொல் பொருந்தாது என்பது அவர் வாதம். அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் பாட்டு சவுக்கைப் பற்றிப் பேசுகிறது. கரீபியன் கரும்புத் தோட்டத்தின் நினைவில்லாமல் ரெகே மெட்டில் சவுக்கு வராது. இது வெறும் லண்டன் வேலைத்தளம் இல்லை, தோட்டமும்தான். அங்கிருந்து பார்த்தால் கங்காணியை விட நெருங்கிய தமிழ்ச்சொல் கிடையாது. தப்பண்ணன் என் பக்கம். கிட்டார் தம்பி, சொல்லுக்காகவே அந்தப் பாட்டை மூன்று வாரம் திரும்பத் திரும்பக் கேட்டவன், இப்போது அதன் பேஸை வாசித்துக் காட்டுகிறான். பங்க் இல்லை என்று அவன் சொல்வது நின்றுவிட்டது. ஆம் என்றும் சொல்லவில்லை.

தலைப்புத்தான் இன்னும் அகப்படவில்லை. ஈக்வலைசர் என்றால் சமன் செய்வது. பந்தாட்டத்தில் சமப்படுத்தும் கோல். தெருப்பேச்சில் துப்பாக்கிக்கும் அந்தப் பெயர் உண்டு. 'சமன்காரன்' என்று ஆசிரியர் எழுதினார், உயிரில்லை. 'சரிக்கட்டுறவன்' என்று தம்பி. கடைக்கு ஃபோன் திருத்த வந்து, மழை விடட்டும் என்று எங்களோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, இருபது வருஷம் கொழுந்து எடுத்தவர், கதையைக் கேட்டுவிட்டு, "தராசுன்னு போடுங்களேன்" என்றார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறுவையில் கிலோ கழித்ததை எத்தனையோ நாள் பார்த்து நின்றவர் அவர். நான் தராசு என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தராசை யார் பிடிக்கிறார்கள் என்பது தலைப்பில் வரவில்லையே என்று ஆசிரியர் போன ஞாயிறும் கேட்டார்.